கோடு நேராகத்தான் இருக்கிறது

கண்ணு,

நீ போனை எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினாலும் பதில் இல்லை. போன வாரம் அப்பா பஸ் ஏறிக் கோபிசெட்டிபாளையம் வந்து, வயலுக்கு நடுவில் நீ குடியிருக்கும் வாடகை வீட்டின் கதவைத் தட்டினார். உள்ளே இருந்தபடியே "மீட்டிங்ல இருக்கறனுங்கப்பா, பொறவு பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாய். அந்த மனுசனும் கொண்டுவந்த பையைக் கதவோரம் வைத்துவிட்டு, வந்த வழியே போத்தனூர் திரும்பி, "கொரலு தெம்பாத்தான் இருக்குது" என்று என்னிடம் சேதி சொன்னார். குரலைக் கேட்டு வரவா அவரை அனுப்பினேன்? அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. உன் மேல் கோபப்படப் பயமாக இருக்கிறது, அதனால் அவர் மேல் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கும் மகனுக்கு ஒரு அம்மா எழுத வேண்டியது வேறு. மாமனார் வீட்டில் எப்படி நடந்துகொள்வது, பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுத எனக்கும் ஆசைதான். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. உன் கண் போய்க்கொண்டிருக்கிறது. அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். அதனால்தான் நீ கதவைத் திறப்பதில்லை. இந்தக் கடிதத்தை உன்னோடு நட்சத்திரப் படம் எடுக்கும் கூட்டாளிகள் நடத்தும் மாத இதழுக்கும் அனுப்பப் போகிறேன். யார் பெயரும் போடவில்லை. ஆனாலும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும், நீ வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாய். குதி. அனுப்பாதே என்று நேரில் வந்து சொல், நிறுத்திவிடுகிறேன். மூடி மூடி வைத்ததால்தான் இந்த நிலைக்கு வந்து நிற்கிறோம், இனி மூடி வைக்க எனக்குத் தெம்பு இல்லை.

உனக்கு இந்த நட்சத்திரப் பைத்தியம் பிடித்த முதல் வருசம் நினைவிருக்கிறதா? நம் மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, ரயில்வே ஸ்டேசன் விளக்குகளைத் திட்டிக்கொண்டே ஓரியன் நெபுலாவைப் படம் எடுத்தாய். கீழே இறங்கி வந்து லேப்டாப்பைக் காட்டினாய். பழைய வெள்ளை வேட்டியில் ரோஸ் சாயம் கொட்டின மாதிரி ஏதோ தெரிந்தது. "அழகா இருக்குது கண்ணு" என்றேன். உன் முகம் தொங்கிப்போய்விட்டது. "நெபுலாவ எவன் வேணா எடுத்துப்போடலாம்மா. நட்சத்திரத்தப் பாரு. நட்சத்திரத்துலதான் எடுத்தவன் யாருன்னு தெரியும்" என்றாய். அப்போதுதான் பார்த்தேன். நடுவில் இருந்தவை புள்ளியாக இருந்தன, ஓரத்தில் இருந்தவை வெள்ளரி விதை மாதிரி நீண்டு கிடந்தன. நான் இருபது வருசத்துக்கு மேல் ஸ்பின்னிங் மில்லில் நூல் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவள். கறுப்புப் பலகையில் வெள்ளை நூலைச் சுற்றிவைத்து, எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே முடிச்சு என்று பார்ப்பதுதான் வேலை. கறுப்பில் வெள்ளையைப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றிலிருந்து நீ படம் எடுத்தால் முதலில் என்னைக் கூப்பிடுவாய். "மூலை பாரும்மா" என்பாய். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு மூலையையும் பார்த்து, "வலது பக்கம் கீழ இழுக்குது" என்பேன். காமிரா ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் ஒரு மூலை மட்டும் இழுக்கும் என்றும், லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே இடைவெளி தப்பினால் நான்கு மூலையும் இழுக்கும் என்றும், மோட்டார் தடுமாறினால் படம் முழுக்க ஒரே பக்கமாக நீளும் என்றும் நீதான் எனக்குச் சொன்னாய். அந்த இடைவெளிக்கு ஒரு வளையம் வேண்டுமென்று நீ கேட்டபோது அப்பா தன் பட்டறையில் லேத்தில் கடைந்து கொடுத்தார். அந்த வளையம் மாட்டிய அன்று நான்கு மூலையிலும் நட்சத்திரங்கள் கடுகு மாதிரி உருண்டு நின்றன. நீ அப்பாவைக் கட்டிப்பிடித்தாய். அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டு "சரி சரி, உடு" என்றார். நாம் மூன்று பேரும் சேர்ந்து சந்தோசமாக இருந்த நாட்களில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

நல்ல இருட்டு வேண்டுமென்று நீ கோபிப் பக்கம் வீடு பார்த்துப் போனபோதும் நான் தடுக்கவில்லை. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை, எங்கே இருந்தால் என்ன என்றாய். ஒரே நெபுலாவை மாதக்கணக்கில் எடுத்தாய். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் ஓடவிட்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, நட்சத்திரம் உருண்டு நிற்காத படத்தை எல்லாம் தள்ளிவிடுவாய். அதற்கு சாப்ட்வேர் இருக்கிறதாமே, உன் கூட்டாளிகள் எல்லோரும் அதில்தான் தள்ளுகிறார்களாமே என்று கேட்டேன். "மெசின் எண்ணித்தான்மா பாக்கும். நான் கண்ணால பாப்பேன்" என்றாய். அதில் உனக்கு ஒரு கர்வம். பிறகு நட்சத்திரங்களை மட்டும் படத்திலிருந்து கழற்றி எடுத்துத் தனியே வைத்து, வெறும் நெபுலாவைப் பக்குவம் செய்து, கடைசியில் நட்சத்திரங்களைத் திருப்பி வைப்பாய். திருப்பி வைக்கும்போது உன் கை எவ்வளவு பதமாக இருந்தது! போன வருசம் நீ எடுத்த ரோசெட் நெபுலா உங்கள் இதழின் கடைசிப் பக்கத்தில் வந்தபோது, மில்லில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். சிவப்புப் பூவுக்கு நடுவில் நீல நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் ஊசி முனை. எனக்கு உன்னைப் பற்றி அவ்வளவு பெருமையாக இருந்தது.

இப்போது என் பங்கை எழுதுகிறேன். உனக்கு ஏழாம் வகுப்பில் சர்க்கரை வந்தது. அன்றிலிருந்து இன்சுலின் ஊசி. நீ ஒரு நாளும் அழுததில்லை, நான்தான் அழுதேன். கண்ணையும் காலையும் வருசா வருசம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நீ ஒரு வருசமும் தவறவிட்டதில்லை. உன்னைத் தவறவிட வைத்தவள் நான். அன்னூரில் உனக்குப் பெண் அமைந்தது. நல்ல பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சின்ன வயதிலிருந்தே ஊசி போடுகிற பையன் என்று தெரிந்தால் கொடுப்பார்களா? "கல்யாணம் முடியட்டும், பொறவு பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்றேன். நீ வேண்டாமென்றாய். நான் அழுது சாதித்தேன். நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றிய அன்று, சபையில் வைத்து உன் வாயில் இனிப்பைத் திணித்தார்கள். நீ சிரித்துக்கொண்டே தின்றாய். பிறகு காருக்குள் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டாய். யாரும் பார்த்துவிடாதபடி நான் முந்தானையை விரித்துக்கொண்டு, வெயிலுக்கு நிற்கிற மாதிரி கார்க் கண்ணாடியை மறைத்து நின்றேன். அவர்கள் ஒறம்பரையில், சொந்தக்காரர் யாரோ வந்து "ஏனுங்க வெளிய நிக்கறீங்க?" என்று கேட்டதற்கு, உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று சொன்னேன்.

அதோடும் விடவில்லை. ஐப்பசியில் நீ கண் பரிசோதனைக்குப் போக வேண்டும். நீ வழக்கமாகப் போகும் கண் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் சித்தி வேலை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவந்தது. போகாதே என்றேன். வேறு இடத்துக்குப் போகிறேன் என்றாய். அங்கேயும் யாராவது பார்ப்பார்கள், ஊர் வாய் சும்மா இருக்காது, கல்யாணம் வரைக்கும் பொறுத்துக்கொள் என்றேன். "கண்ணு நல்லாத்தான தெரியுது உனக்கு?" என்று கேட்டேன். தெரியுது என்றாய். பெற்றவள் கேட்டதற்கு மகன் அப்படித்தானே சொல்வான்? எவ்வளவு நல்லெண்ணத்தோடு ஒரு முட்டாள்தனத்தைச் செய்திருக்கிறேன்.

கார்த்திகையில் நீ அனுப்பிய படத்தில் நட்சத்திரங்கள் கொஞ்சம் தடித்திருந்தன. எல்லா மூலையும் ஒரே மாதிரி தடிப்பு. போகஸ் சரியில்லையா என்று கேட்டேன். பனி என்றாய். மார்கழியில் அனுப்பியதில் ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் கறுப்பாக ஒரு வளையம், வறுத்த உளுந்து மாதிரி. மங்கலாகத் தெரிகிற படத்தைக் கூர்மையாக்க, அளவுக்கு மேல் தீட்டினால் அப்படி ஆகும் என்று நீதான் முன்பு இன்னொருவர் படத்தைக் காட்டிக் கேலி செய்தாய். "இவருக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிக் குடுக்கோணும்" என்று நீ சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் படத்தில் அதே கறுப்பு வளையத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டதற்கு அப்பாவின் வளையம் தேய்ந்துவிட்டது என்றாய். அந்த மனுசன் ஒரு வார்த்தை பேசாமல் புதிதாகக் கடைந்து அனுப்பினார். அதுவும் சரியில்லை என்றாய். மறுபடி கடைந்தார். தையில் போனில் அவரிடம், "உங்களுக்குக் கை நிதானம் போயிருச்சுங்கப்பா, உட்டுருங்க" என்று சொன்னாய். அன்று அவர் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் ஒருவேளை அவருக்கு வயதாகிவிட்டதோ என்றுதான் நினைத்தேன். உன் கண்ணைப் பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

மாசி அமாவாசைக்கு நாங்கள் உன் வீட்டுக்கு வந்தோம். பொழுதிறங்கி, நாங்கள் சாப்பிட்டு முடித்த நேரம். நீ வாசலில் தொலைநோக்கியை நிறுத்தி, வரிவரியாகக் காடி வெட்டிய அந்த மூடியை அதன் வாயில் மாட்டினாய். அதை மாட்டினால் ஒரு பிரகாசமான நட்சத்திரம் திரையில் மூன்று கோடாகத் தெரியும், இரண்டு கோடு ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மூன்றாவது கோடு சரியாக வந்து விழுந்தால் போகஸ் சரி என்று எனக்கும் தெரியும். நீ சிரியஸைப் பிடித்து வைத்துவிட்டு, திரைக்கு மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தாய். பிறகு மூடியைக் கழற்றினாய், திருப்பி மாட்டினாய், கழற்றினாய். "இந்த மூடியும் கோணலு. பாருங்கப்பா, நடுக்கோடு நெளியுது" என்றாய். அப்பா வந்து பார்த்தார். நான் பார்த்தேன். தறியில் இழுத்துக் கட்டின பாவு நூல் மாதிரி இருந்தது கோடு. அப்பா தயங்கித் தயங்கி, "நேராத்தான் கண்ணு இருக்குது" என்றார். "எங்கீங்க நேரா இருக்குது? நடுவுல வளையுதுல்ல? உங்களுக்குக் கண்ணு தெரியலையா?" என்று நீ கத்தினாய். பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது. அதன்பிறகு நீ ஒன்று செய்தாய். இடது கையால் வலது கண்ணை மூடித் திரையைப் பார்த்தாய். கையை மாற்றி இடது கண்ணை மூடிப் பார்த்தாய். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, நாங்கள் பார்த்தோமா என்று திரும்பினாய். அப்பா அந்தப் பக்கம் நாயை அதட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான். "குளிருது, உள்ள போலாம்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலை உன் காரில் எங்களை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிட்டபோது, எதிரே வந்த மொபெட் உனக்கு மிகவும் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. நீ பிரேக் போட்ட வேகத்தில் அப்பாவின் நெற்றி முன்னால் இடித்தது. பஸ்ஸில் ஏறிய பிறகு அப்பா, "அப்ப வளையம் சரியாத்தான் இருந்திருக்குதா?" என்று கேட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது. சந்தோசப்படவும் முடியாமல், அழவும் முடியாமல், வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த நாளே ஒரு கண் டாக்டரம்மாவிடம் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை. என் மகனுக்கு நேர்க்கோடு வளைந்து தெரிகிறது, ஏழாம் வகுப்பிலிருந்து சர்க்கரை, இந்த வருசம் கண் பார்க்கவில்லை என்றேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் திரையில் ரத்தக்குழாய் கசிந்து, பார்வையின் நடுப்பகுதி வீங்கியிருக்கலாம், அதனால் கோடு வளையும், எழுத்து கலங்கும், நிறம் மங்கும் என்று படம் போட்டுக் காட்டினார். ஊசி இருக்கிறது, லேசர் இருக்கிறது, பலருக்கு நின்றுவிடுகிறது என்றார். நான் மூச்சு விட்டேன். உடனே, "ஆனா நேரத்தோட வரோணும்மா. போன பார்வைய முழுசாத் திருப்பித் தர்றேன்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கறதக் காப்பாத்தத்தான் பார்ப்பேன். அவர அழைச்சுட்டு வாங்க. இந்த வாரமே வாங்க" என்றார். அந்த வாரம் போய்விட்டது, கண்ணு. அடுத்த வாரமும் போய்க்கொண்டிருக்கிறது. நீ கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து என்ன செய்கிறாய்? எப்படியும் போகப்போகிறது, தெரியாமலே இருக்கட்டும் என்று நினைக்கிறாயா? இல்லை, போய்விடும் என்று வாய்விட்டுச் சொல்லி யாராவது கேட்டுவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயமா? எனக்கும் அந்தப் பயம் உண்டு. ராத்திரி படுத்தால், இந்த நிமிசம் அந்தக் குழாய் கசிகிறதோ, இந்த நிமிசமோ என்று தோன்றுகிறது. எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். சோறு இறங்கவில்லை. பூஜை அறையில் போய் நின்றால் என்ன வேண்டுவது என்றுகூட மறந்துபோகிறது, உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு படம் கெட்டுப்போனால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். காமிராவைச் சந்தேகப்படுவாய், மோட்டாரை, காற்றை, பனியை, அப்பாவின் வளையத்தை, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவாய். கடைசியில் பார்க்கிறவனிடம் வந்து நிற்க வேண்டும். நீ அந்த இடத்துக்கு வந்துவிட்டாய், வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாய். அது உன் தப்பில்லை, உடம்பின் தப்பு. கார்த்திகையிலேயே சொல்ல உனக்கு வாய் வந்திருக்கும். சொன்னால் அம்மா தான்தான் காரணம் என்று உடைந்துபோவாள் என்று நினைத்திருப்பாய். அப்படி நினைத்துத்தான் மறைத்தாய் என்றால், தங்கம், உன் காலில் விழுகிறேன், என்னைக் காப்பாற்றாதே. நான் உடைந்தால் ஒட்டிக்கொள்வேன், எனக்கு வயதாகிவிட்டது. நீ உன்னைக் காப்பாற்றிக்கொள்.

வேறு வழி தெரியாமல் நேற்று அன்னூர் போனேன். உன்னைக் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய் நின்று, உனக்குப் பார்த்த அம்மணியை எதிர் பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். டீ வந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அம்மணி, உன்கிட்ட ஒரு பொய் சொல்லி வெச்சிருக்கறேன்" என்றேன். சர்க்கரையைச் சொன்னேன், ஊசியைச் சொன்னேன், கார்க் கண்ணாடியை மறைத்து நின்றதைச் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அது எனக்குத் தெரியும்ங்க அத்தை" என்றாள்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"உப்புச் சக்கரை மாத்தறதுக்கு முந்தியே அவரு போன்ல சொல்லிப்போட்டாருங்க. எங்கப்பாகிட்டயும் நாந்தான் சொன்னேன். 'எங்கம்மாவுக்காகத் தெரியாத மாதிரி இருந்துக்குங்க, அவங்க ரொம்பப் பயந்துட்டு இருக்காங்க'ன்னு கேட்டுக்கிட்டாரு. நாங்களும் இருந்துட்டோம்" என்றாள். அன்றைக்கு வெயிலில் நான் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றதை அவர்கள் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்டேதான் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. யாரும் மறைக்காத ஒன்றை மறைப்பதற்காகவா உன்னைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்றேன்? நீயும் எனக்காக அதைக் கேட்டுக்கொண்டாயா?

"கண்ணப் பத்திச் சொன்னானா அம்மணி?" என்று கேட்டேன். "கண்ணுக்கு என்னுங்க?" என்றாள். அப்போதுதான் மாசி அமாவாசையைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "போன மாசம் கோயமுத்தூர்ல பஸ்ஸுக்கு நின்னப்ப, போர்டு ஒவ்வொண்ணா என்னையப் படிக்கச் சொன்னாருங்க. டீச்சரக் கேலி பண்றாருன்னு நெனச்சு நானும் ராகம் போட்டுப் படிச்சேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. என் எதிரிலேயே போனை எடுத்தாள், அந்த ஆஸ்பத்திரிச் சித்திக்குத்தான் பேசினாள். யார் கண்ணில் படக்கூடாது என்று நான் உன்னைத் தடுத்தேனோ அந்தம்மாவிடம், ஒளிக்காமல் மறைக்காமல், நேராகச் சொன்னாள். நாளை மறுநாள் காலையில் முதல் ஆளாக உன்னைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். நாளை மறுநாள் என்று நேற்றுச் சொன்னது இப்போது நாளைக்கு ஆகிவிட்டது.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். பஸ் ஏறும்போது நான் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டேன். பெற்றவள், கேட்காமல் இருக்க முடியவில்லை. "அதப் பொறவு பாத்துக்கலாம்ங்க அத்தை. சக்கரையச் சொன்னவரு இதச் சொல்லலை. எனக்கு அது வலிக்குதுங்க. யோசிக்கோணும். ஆனா ஆஸ்பத்திரிக்கு நான் வாரேன்" என்றாள். அவள் வேண்டாமென்று சொன்னாலும் சொல்லலாம். மண்டபம், பத்திரிகை, ஊர்ப் பேச்சு எதைப் பற்றியும் இப்போது எனக்குக் கவலையில்லை. ஆறு மாதத்துக்கு முன் அந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் செத்துவிடுவேன் போல இருந்தேன். எவ்வளவு சின்ன விசயத்துக்கு எவ்வளவு பெரிய பயம்! நீ கல்யாணம் செய்துகொள்ளாவிட்டால் போகிறது. என்னோடு பேசாவிட்டாலும் போகிறது. தொலைநோக்கியைத் தூக்கிப் பரண் மேல் போட்டாலும் போட்டுக்கொள். உன்னால் பார்க்க முடிந்தால் போதும். இதைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. தையிலிருந்து நீ எனக்கு ஒரு வரிகூட எழுதி அனுப்பவில்லை. அனுப்பியதெல்லாம் குரல் பதிவு. சோம்பேறி என்று திட்டினேன் உன்னை. இப்போது இத்தனை பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், இதை உன்னால் படிக்க முடியுமா என்றே எனக்குத் தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன்.

கதவுக்கு அடியில் இதைத் தள்ளிவிட்டு வரப்போவதில்லை. விடியும் முன்பே வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு, அன்னூரில் அம்மணியை ஏற்றிக்கொண்டு, மூன்று பேரும் உன் வீட்டுக்கு வருகிறோம். நான் படித்தால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் கதவுக்கு வெளியே நின்று அப்பா படிப்பார். அவருக்கு வாசிப்பு ஓடாது என்று உனக்குத் தெரியும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தன்னைப் பற்றி நான் திட்டி எழுதியிருப்பதையும் அவர் வாயாலேயே படிக்க வேண்டும், அம்மணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். "படிக்கறேன், அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டார். நீ எந்த வரியில் கதவைத் திறந்தாலும் அந்த வரியோடு நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வரி உன் காதில் விழுகிறது என்றால், கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. அப்பாவுக்குத் தொண்டை வறண்டிருக்கும். அவருக்கு இதற்கு மேல் படிக்க எதுவும் இல்லை.

திற, சாமி.